நரம்புக்கடத்திகள்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்ல வெளியிடும் வேதிப்பொருள்தான் நரம்புக்கடத்தி. டோபமின் என்றால் மகிழ்ச்சி, செரோட்டோனின் என்றால் நிம்மதி, காபா என்றால் அமைதி. இப்படி ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு சினாப்ஸை, அதாவது அந்தச் செய்தி கைமாறும் சந்திப்பை, புரிந்துகொள்ளப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒரு நரம்புக்கடத்தி என்ன செய்யும் என்பது பெரும்பாலும் அது போய் ஒட்டும் ஏற்பியை, அதாவது அடுத்த செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதத்தைப் பொறுத்தது.

அசிட்டைல்கோலினை எடுத்துக்கொள்வோம். கை, கால் தசைகளில் அது நிக்கோட்டினிக் ஏற்பியில் ஒட்டுகிறது. அந்த ஏற்பியே ஓர் அயனி வாயில், அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்கள் செல்லும் வழி. திறந்ததும் சோடியம் உள்ளே பாய்ந்து தசை சுருங்குகிறது. இதயத்தில் இருப்பதோ மஸ்கரினிக் ஏற்பி. அது, செல்லுக்குள் செய்தியைக் கொண்டுசெல்லும் ஜி-புரதம் மூலம் பொட்டாசியம் வாயில்களைத் திறக்க, துடிப்பு குறைகிறது. 1921-ல் ஓட்டோ லோவி என்ற ஆய்வாளர், தவளை இதயம் ஒன்றுக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து இன்னோர் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின்தான். அவர் தொடைத் தசையை ஆராய்ந்திருந்தால் இதே மூலக்கூறைத் 'தூண்டும் பொருள்' என்றுதான் சொல்லியிருப்பார்!

சரி, ஏற்பியின் பெயர் தெரிந்தால் போதுமா? அதுவும் போதாது. காபா-ஏ ஏற்பி குளோரைடு வாயிலைத் திறக்கும். வளர்ந்த மூளையில் குளோரைடு செல்லுக்குள் நுழைந்து அதை அடக்குகிறது. வளரும் மூளையின் பல செல்களில் உள்ளேயே குளோரைடு அதிகம் இருப்பதால், அது வெளியேறி செல்லைத் தூண்டிவிடக்கூடும்.

நரம்புக்கடத்தி அடுத்த செல்லுக்குள் புகுந்து செய்தி சொல்கிறது என்றும் சிலர் நினைக்கிறார்கள். அது வெளிப்புறத்தில் ஒட்டி, விலகிவிடும், அவ்வளவுதான். ஒட்டினாலே ஏற்பி வேலை செய்துவிடும் என்பதும் சரியல்ல: குராரே நஞ்சு தசையின் ஏற்பியில் ஒட்டும், ஆனால் வாயிலைத் திறக்காது, அசிட்டைல்கோலினுக்கு இடமும் விடாது. விளைவு, பக்கவாதம் வந்ததுபோல தசை செயலிழக்கும்.

அப்புறம், விலகிய மூலக்கூறு எங்கே போகிறது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. அசிட்டைல்கோலினை ஒரு நொதி அங்கேயே சிதைத்துவிடுகிறது. செரோட்டோனினை, வெளியிட்ட நரம்பே கடத்திப் புரதம் வழியாகத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் தடுப்பது இந்தக் கடத்திப் புரதத்தைத்தான். மாத்திரைக்குள் செரோட்டோனின் கிடையாது. தடுப்பு சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது; மனநிலை தேறவோ பல வாரங்கள் ஆகின்றன. 'செரோட்டோனின் குறைந்தது, நிரப்பினோம், சரியானது' என்ற எளிய கணக்கு இங்கேதான் இடறுகிறது.