பூச்சிக்கு நாமே விரிக்கும் பாய்

விதைத்து இருபத்தைந்து நாள். நெல் வேளாண்மை கருகருவென்று நிற்கிறது. வரம்பில் நடந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இலை மடிந்து, உள்ளே வெள்ளையாகச் சுரண்டியிருக்கிறது. மடிச்சுக்கட்டிப் புழு. பக்கத்து வயல்காரர் நேற்றே மருந்து அடித்துவிட்டார். கடைக்காரர் நாம் வாய் திறப்பதற்குள் போத்தலை எடுத்து மேசையில் வைக்கிறார். இதற்குப் பிறகும் அடிக்காமல் வீட்டுக்கு வர ஒரு நெஞ்சுரம் வேண்டும். மட்டக்களப்பின் படுவான்கரையில் எங்கள் மூன்று ஏக்கரில் எனக்கு அது இருக்கவில்லை, அடித்தேன். புழு போனது. கதிர் இன்னும் மடலுக்குள் இருக்கும் குடலைப் பருவத்தில் அறக்கொட்டி என்ற பூச்சி வந்தது. முதலில் வயலின் நடுவில் பாயளவு காய்ந்த வட்டம், ஒரு கிழமையில் அது நெல்லடிக்கும் களவெட்டியளவு. அப்பா வரம்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "காவல்காரனை அடிச்சுக் கொன்டுபோட்டுக் கள்ளன் வந்திட்டான் எண்டு அழுறாய் மனே."

அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் மிகையில்லை. அறக்கொட்டி, அதாவது கபிலநிறத் தத்தி, முட்டையைப் பயிரின் இலைமடலுக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கிற மருந்து அந்த முட்டையைத் தொடுவதில்லை. ஆனால் தத்தியைத் தின்கிற சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சிக் குடிக்கிற சின்னப் பச்சை நாவாய்ப்பூச்சியும் வெளியில் திரிகின்றன. அவை முதலில் சாகும். ஏழெட்டு நாளில் குஞ்சு பொரிக்கும்போது வயலில் அதற்கு எதிரி யாருமில்லை. இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. தத்தி அழிவு தாங்காமல் 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிக்கொல்லிகளை அங்கே தடை செய்தார்கள். அதனால் விளைச்சல் விழுந்துவிடவில்லை.

ஆகவே பெரிய தவறு முதல் நாற்பது நாளுக்குள் இலையைப் பார்த்துப் பயப்படுவதுதான். அந்த வயதில் நெல் இழந்த இலையை மறுபடி போட்டுக்கொள்ளும். மடிச்சுக்கட்டியின் சேதம் கண்ணுக்குத்தான் பெரிது, மூட்டைக் கணக்கில் சிறிது. முளைத்த கையோடு வறட்சி வந்து பனிப்பூச்சி இலை நுனியைச் சுருட்டினால் அது வேறு கதை. அதற்கும் முதல் மருந்து தண்ணீர்தான்: ஒரு நாள் இளம்பயிர் மூழ்கும்படி ஏற்றிவிட்டு வடித்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அறக்கொட்டிக்கு நாம் பாய் விரிக்கும் இன்னொரு இடம் விதைப்பு. விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு ஹெக்டயருக்கு 100 கிலோ, நம் கணக்கில் ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு புசல். நாமோ புல்லை அமுக்கட்டும் என்று மூன்றும் அதற்கு மேலும் வீசுகிறோம். பிறகு பச்சை போதாது என்று யூரியாவையும் ஒரு கை கூடப் போடுகிறோம். பயிர் நெருங்கி, அடிமட்டத்தில் காற்றும் வெயிலும் போகாமல், தண்டு சாறு பிடித்து மெத்தென்று ஆகிறது. தத்தி விரும்புவது சரியாக அந்த நிழலும் ஈரமும்தான். அது இருப்பதும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் அடியில். வரம்பில் நின்று பார்த்தால் தெரியாது. கிழமைக்கு ஒருமுறை உள்ளே இறங்கிப் பயிரை விலக்கி, அடியைக் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டால் மூன்று நான்கு நாள் தண்ணீரை வடித்துக் காய விடுவதே பல வயல்களுக்குப் போதும். மருந்துதான் கதி என்றானால் தெளிகுழாயின் முனை தண்டின் அடியைப் பார்க்க வேண்டும். கதிருக்கு மேலே மழை மாதிரி அடிப்பது காசை வாய்க்காலில் விடுவது.

போத்தல் விஷயத்தில் இரண்டு வார்த்தை. மூன்று மருந்தை ஒரே தாங்கியில் கலந்தால் மூன்று மடங்கு வேலை செய்யும் என்பது கடைவாசல் கதை. பெயர் மாறினாலும் உள்ளே ஒரே வகை மருந்தாக இருக்கலாம். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியைப் போகத்துக்குப் போகம் அடித்தே ஆசியாவின் பல நாடுகளில் தத்திக்கு அது பழகிப்போனது. லேபிளைப் படித்து வகையை மாற்றுங்கள், அல்லது கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தாலும் சொல்வார்கள்.

மணி பிடிக்காமல் வெளுத்து நிற்கும் வெண்கதிரைக் கண்டபின் தண்டுதுளைப்பான் புழுவுக்கு அடிப்பது செத்தவனுக்குக் கஞ்சி வைப்பது மாதிரி. அந்தக் கதிர் திரும்பாது. நெல் மூட்டுப்பூச்சிக்கு வரம்புப் புல்லை வெட்ட வேண்டும் என்பது சரி, ஆனால் கதிர் வெளிவருவதற்கு முன்னே வெட்டுங்கள். பால் பிடிக்கும் நேரத்தில் புல்லை வெட்டினால் அதில் இருந்த பூச்சியை நாமே வயலுக்குள் துரத்திவிடுகிறோம். விதைப்புத் திகதி குறிக்கும் போக ஆரம்பக் கூட்டத்தில் கையைத் தூக்கிவிட்டு, குறித்த திகதிக்கு மூன்று கிழமை பிந்தி விதைக்கிறவர்கள் உன்னிச்சையிலும் இருக்கிறார்கள், சம்மாந்துறையிலும் இருக்கிறார்கள். முந்தி விதைத்த வயல் முற்றியதும் பூச்சி எங்கே போகும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. 2018இன் கடைசியில் அம்பாறைச் சோளத்தில் சேனா படைப்புழு புகுந்தபோதும் அவசரமாக மருந்து அடித்தோம். புழு பெரிதாகிக் குருத்துக்குள் தன் எச்சத்தாலேயே வாயை அடைத்துக்கொண்டபின் மருந்து எப்படி இறங்கும்? முட்டைக் கூட்டத்தைக் கையால் நசுக்கும் நாட்களில் நாம் மேட்டுநிலச் சேனைக்கே போகவில்லை.

சரி, நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. வயலில் காட்டிய அவசரத்துக்கு நேர்மாறாக இங்கே அசட்டை வந்துவிடுகிறது.

பெரும்போக அறுவடை தை, மாசியில். மழை இன்னும் முழுதாக விட்டிருக்காது. அறுவடை மெசின் ஈர நெல்லைக் கொட்டிவிட்டுப் போகும், தார் வீதியில் பரப்புவோம், பிற்பகல் இருட்டினால் அள்ளிக் கட்டிவிடுவோம். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கிற அந்த நெல்தான் வண்டுக்கும் பூஞ்சணத்துக்கும் விருந்து. நெற் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 வீதத்துக்கு மேற்படாத ஈரம். வீட்டில் வைப்பதற்கும் அதுவே எல்லை. விதை நெல்லுக்கு இன்னும் குறைய வேண்டும். கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும் என்பது நம் பழைய சோதனை. இன்னொன்றும் செய்யலாம். காய்ந்த கண்ணாடிப் போத்தலில் காய்ந்த உப்பும் ஒரு பிடி நெல்லும் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் இன்னொரு வெயில் காட்டுங்கள், நட்டமில்லை. வெயிலில் சுட்ட நெல்லைச் சூட்டோடு கட்டாதீர்கள். ஆறாமல் கட்டினால் சாக்குக்குள் வியர்க்கும்.

பூச்சி எங்கிருந்து வருகிறது? அந்து வயலிலேயே முற்றிய கதிரில் முட்டையிட்டு நெல்லோடு வரும், ஆகவே முற்றியதை நாள்கணக்கில் வயலில் நிற்க விடக்கூடாது. அரிசி வண்டுக்கு முழு உமி ஒரு கதவு. மெசினின் வேகம் கூடி உமி வெடித்தால் அந்தக் கதவு திறந்துவிடும். மிச்சம் எல்லாம் போன போகத்துச் சாக்கின் தையலிலும், அறை மூலையில் கிடக்கிற பழைய நெல்லிலும், சுவர் வெடிப்பிலும் காத்திருக்கிறது. புது நெல்லைப் பழைய நெல்லின் மேல் கொட்டுவதைப் போல வண்டுக்கு உபகாரம் வேறில்லை. சாக்கைக் கொதிநீரில் முக்கிக் காயப் போடுங்கள், வெடிப்பைப் பூசுங்கள், மூட்டையைச் சுவரில் சாய்க்காமல் பலகை போட்டு அடுக்குங்கள்.

வேப்பிலை போடுவது நல்லதுதான், பச்சையாகப் போடுவதுதான் தவறு. அது நெல்லுக்கு ஈரத்தைக் கொடுக்கும். காய்ந்த இலையும் பூச்சியை விலக்குமே தவிர, உள்ளே புகுந்த வண்டைக் கொல்லாது. கௌப்பிக்கும் பயறுக்கும் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் பிசறி வைத்தால் வண்டின் முட்டை பெருகாது.

வயலுக்கு அடிக்கும் மருந்தைச் சாக்கில் தெளிக்கிறவர்களும், வண்டு மாத்திரையை வாங்கி வீட்டு அறையில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். முதலாவது சோற்றில் நஞ்சு. இரண்டாவதில் வெளிவரும் பொஸ்பீன் வாயுவுக்கு மாற்று மருந்தே கிடையாது. பயிற்சி உள்ளவர் களஞ்சியத்தில் செய்ய வேண்டிய வேலை அது, பிள்ளைகள் படுக்கும் வீட்டில் அல்ல.

வீட்டுக்கு ஏற்ற வழி காற்றை அடைப்பதுதான். நன்றாகக் காய்ந்த நெல்லைப் பிளாஸ்டிக் ட்ரம்மில் விளிம்புவரை நிரப்பி இறுக்க மூடினால், உள்ளே இருக்கிற வண்டு தன் மூச்சாலேயே ஒட்சிசனைத் தீர்த்துச் சாகும். விளிம்புவரை என்பது முக்கியம், பாதி ட்ரம்மில் காற்று மிச்சம். நாங்கள் செய்த கடைசித் தவறும் இதில்தான். வண்டு செத்ததா என்று நாளைக்கு ஒரு தரம் அம்மா திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது குத்துவதற்கு வேண்டிய நெல்லை ஒரு வாளியில் தனியே வைத்திருக்கிறார். பெரிய ட்ரம்மின் மூடியைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப் கட்டியிருக்கிறது, ஆவணி வரை அதை அவிழ்க்க யாருக்கும் அனுமதி இல்லை.