பூச்சி உணவும் இளைஞர்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பூச்சி சாப்பிட்டுப் பார்ப்பீர்களா?" என்று கல்லூரி வளாகத்தில் படிவத்தை நீட்டினால், வேடிக்கைக்காகவாவது சிலர் "ஆம்" என்பார்கள். இறைச்சிக்குப் பதிலான மாற்றுப் புரதம் பற்றிப் பேசுவோர் செய்யும் முதல் தவறு, அந்த "ஆம்" என்பதை விற்பனைக் கணக்கில் சேர்ப்பது. நெதர்லாந்தில் பூச்சி சேர்த்த பர்கர்கள் பல்பொருள் அங்காடிக்கு வந்தபோது, ஆர்வத்தால் வாங்கியவர்கள் இருந்தார்கள். மறுபடி வாங்குவதை முடிவு செய்தவை விலை, சுவை, கடையில் எளிதாகக் கிடைப்பது போன்ற சாதாரண விஷயங்களே. ஆகவே, கருத்துக்கணிப்பு நடத்துபவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரண்டாவது முறை காசு கொடுத்து வாங்குவீர்களா, என்ன விலைக்கு?

அடுத்த தவறு உபதேசம். பூமியைக் காப்பாற்ற வெட்டுக்கிளி தின்னுங்கள் என்றால் இளைஞர்கள் ஓடி வருவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். 2018இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், மாவுப்புழு (ஒரு வகை வண்டின் புழு) சேர்த்த சாக்லேட் உருண்டையை 180 பேருக்கு நீட்டினார்கள். உடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்ற விளம்பரத்தைப் பார்த்தவர்களில் ஏறக்குறைய 61 சதவீதம் பேர் எடுத்துச் சுவைத்தார்கள். ருசியானது, புதுமையானது என்ற விளம்பரத்தைப் பார்த்தவர்களில் அது 76 சதவீதம். மருந்துபோல் விற்றால் மருந்துபோல்தான் முகம் சுளிப்பார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கலாம் என்பது ஆபத்தான யோசனை. ஜப்பானின் தொகுஷிமா மாகாணத்தில் 2022 நவம்பரில் ஓர் உயர்நிலைப் பள்ளி மதிய உணவில், சிள்வண்டுத் தூள் சேர்த்த பூசணி குரோக்கெட் என்ற பொரித்த பண்டத்தை வைத்தார்கள். விரும்பியவர்கள் மட்டும் சாப்பிடலாம் என்று சொல்லித்தான் வைத்தார்கள். அப்படியும் சில மாதங்களில் சமூக ஊடகங்களில் பெரும் கண்டனம் கிளம்பியது. தூள் வழங்கிய கிரிலஸ் நிறுவனம் 2024 நவம்பரில் திவால் மனு தாக்கல் செய்தது. பள்ளிச் சாப்பாடு என்றாலே கட்டாயம் என்ற வாசனை வந்துவிடுகிறது. "விரும்பினால்" என்ற சொல் பெற்றோர் காதில் விழுவதில்லை.

"பூச்சி" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதும் சரியல்ல. பூச்சி உண்ணும் பழக்கமுள்ள தாய்லாந்துக்காரர்கள் இந்த இனம் ருசி, அந்த இனம் வேண்டாம் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக ஒதுக்குவது பழக்கமில்லாதவர்கள்தான். நம் ஊரையே பாருங்கள். மழை விட்ட மாலையில் புற்றோரம் விளக்கு வைத்துப் பிடித்த ஈசலை, இறகு போகப் புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்றவர்கள் மாவுப்புழுவைத் தொடுவார்கள் என்பதற்கு என்ன உறுதி? புறநானூற்றின் 119ஆம் பாடலில் செம்புற்று ஈயலும் (ஈசல்) புளித்த மோரும் சேர்ந்து வருகின்றன. எனக்குத் தெரிந்து, ஈசலைவிட நல்ல விளம்பரம் தமிழில் இதற்குக் கிடையாது. ஆனால் அது ஈசலுக்கான விளம்பரம்.

புரத அளவை ஊதிப் பெருக்குவது இன்னொன்று. உணவிலுள்ள புரதத்தைக் கணக்கிட, அதன் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவது வழக்கம். பூச்சியின் ஓட்டிலுள்ள, புரதமல்லாத கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் இருப்பதால் அது மிகையாகிவிடும். மாவுப்புழுவுக்கு 4.76 பொருத்தம் என்று 2017இல் ஆய்வாளர்கள் கூறினார்கள். அப்படிப் பார்த்தால் பொட்டலத்தில் 60 கிராம் புரதம் என்று அச்சிட்டது சுமார் 46 கிராம்தான். உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்கள் இதைக் கண்டுபிடித்தால் பிறகு எதையும் நம்ப மாட்டார்கள்.

ஒவ்வாமையைச் சிறு எழுத்தில் ஒளிக்கவே கூடாது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்; டிரோபோமயோசின் என்ற புரதம் இரண்டிலும் உண்டு. ருசி பார்க்கக் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

காணொளி பார்த்துவிட்டு வயலில் வெட்டுக்கிளி பிடித்து வறுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குவைத்தில் படையெடுத்து வந்த வெட்டுக்கிளிகளைச் சோதித்தபோது பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தது. மருந்து அடித்த வயலில் பிடித்ததை எந்த வறுவலும் சுத்தமாக்காது. உண்பதற்கென்றே வளர்த்ததை மட்டும் வாங்குங்கள்.