பக்கவாதத்துக்குப் பின் நடை பழக: கச்சை டிரெட்மில் முதல் நாலுகால் ஊன்றுகோல் வரை

பக்கவாதத்தால் ஒரு பக்கக் கையும் காலும் செயலிழந்தவர் மீண்டும் நடக்கப் பழகும்போது பயன்படும் கருவிகளைப் பற்றிய விளக்கம் இது. பிசியோதெரபி அறைக்குள் முதன்முறையாக நுழையும் குடும்பத்தாரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எந்தக் கருவியானாலும் நோயாளி விழாமலிருக்க எவ்வளவு தாங்கல் தேவையோ அவ்வளவு மட்டும் கொடுத்து, அதையும் நாளடைவில் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நோயாளி தானாக முயலாமல் இயந்திரம் மட்டும் காலை ஆட்டிக்கொண்டிருந்தால் அதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

தொடங்குமுன்

இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, காலில் இரத்தக் கட்டி, ஆறாத புண், எலும்பு முறிவு, நீட்ட முடியாதபடி இறுகிய மூட்டு ஆகியவை உள்ளனவா என்று மருத்துவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். எலும்பின் அடர்த்தி மிகவும் குறைந்து பலவீனமானவர்களுக்கு மோட்டார் பொருத்திய கருவிகள் ஏற்றவை அல்ல.

படி 1: இணைக் கம்பிகளுக்கு நடுவில் நிற்பது

கம்பியைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கும் உயரத்தில் கம்பிகள் இருக்க வேண்டும். இங்கே முதல் வேலை நடப்பது அல்ல, பலவீனமான காலின் மீது உடல் எடையைக் கொண்டுபோய்ப் பழகுவது. பெரும்பாலானோர் நல்ல காலிலேயே முழு எடையையும் வைத்து நிற்பார்கள் என்பதால், எதிரே ஓர் ஆளுயரக் கண்ணாடி இருந்தால் தாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை அவர்களே பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும்.

படி 2: கச்சை கட்டிய டிரெட்மில்

மேலிருந்து தொங்கும் கச்சை உடல் எடையில் ஒரு பகுதியைத் தாங்க, கீழே பட்டை மெதுவாக ஓடும். முதுகுத்தண்டு துண்டிக்கப்பட்ட வளர்ந்த பூனைகள், டிரெட்மில்லில் தொடர்ந்து பழக்கப்பட்டபோது பின்னங்கால்களால் மறுபடி அடியெடுத்து வைத்ததைக் கனடாவின் மாண்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்டனர். மனிதர்களுக்கான இந்தப் பயிற்சி முறை வளர அத்தகைய ஆய்வுகளே வழிகாட்டின. உள்ளங்காலில் எடை இறங்குவதும், அடியின் முடிவில் இடுப்பு மூட்டு பின்னோக்கி நீள்வதும்தான் நரம்புகளுக்கு ‘அடுத்த காலைத் தூக்கு’ என்ற செய்தியைத் தருகின்றன. ஆகவே கச்சையால் எடையை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டால் அந்தச் செய்தி போய்ச் சேராது. பொதுவாக 40 சதவீதத்துக்கு மேல் தூக்குவதில்லை. நிற்கும் காலின் முழங்கால் மடங்கிச் சரியாத அளவுக்குத் தூக்கினால் போதும்.

கச்சையை இறுக்கும்போது தொடை வார் கவட்டில் அழுத்துகிறதா, சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் அதனடியில் சிக்கியிருக்கிறதா, மூச்சை முழுதாக இழுக்க முடிகிறதா என்பவற்றை அவசியம் பாருங்கள். பக்கத்துக் கைப்பிடியைத் தொட்டுக்கொள்ளலாம், ஆனால் அதில் தொங்கிக்கொண்டு நடக்கக் கூடாது.

படி 3: ரோபோ கால்கள்

சுவிட்சர்லாந்தில் உருவாகி 2001இல் சந்தைக்கு வந்த லோகோமாட் என்னும் கருவியில், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நேரே மோட்டார்கள் உள்ளன. முன்பாதத்தை வார்கள் தூக்கிப் பிடிக்கும். இக்கருவியில் எல்லாம் அளவெடுப்பதைப் பொறுத்தது. இடுப்பின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து முழங்கால் மூட்டு வரை ஓர் அளவும், அங்கிருந்து கணுக்கால் நோக்கி இன்னோர் அளவும் எடுத்து, கருவியின் மூட்டு நம் மூட்டுக்கு நேரே வரும்படி பொருத்த வேண்டும். அது சற்று விலகினாலும் ஒவ்வோர் அடிக்கும் வார்கள் தோலில் மேலும் கீழுமாக உரசும். உணர்ச்சி மரத்த காலில் அந்த எரிச்சல் நோயாளிக்குத் தெரியாது. எனவே பயிற்சி முடிந்ததும் தோலைப் பார்த்து, மறையாத சிவப்புத் தடம் இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

மோட்டார் காலை வழிநடத்தும் விசையை முதலில் முழுதாக வைத்துப் பிறகு படிப்படியாகக் குறைக்கலாம். விசை குறைக்கப்படுகிறதா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்கக் குடும்பத்தார் தயங்க வேண்டியதில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு இத்தகைய கருவிகளைப் பற்றி வெளியிட்ட தொகுப்பாய்வு, பிசியோதெரபியோடு சேர்த்துப் பயன்படுத்தும்போது துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று கூறுகிறது. பக்கவாதம் வந்த முதல் 3 மாதங்களில் இருப்பவர்களும், கொஞ்சமும் நடக்க இயலாதவர்களும்தான் அதிகப் பயன் பெறுகின்றனர். இந்த வசதி ஊரில் இல்லையே என்று கலங்குபவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவில் 408 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து முறையாகச் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சி, கச்சை டிரெட்மில்லுக்குச் சளைக்காத பலனைத் தந்தது.

படி 4: வீட்டில் நடப்பது

ஒரு கை செயலிழந்தவருக்கு இரு கையாலும் தூக்க வேண்டிய சாதாரண வாக்கர் உதவாது. அதை வாங்கிவிட்டுப் பயன்படுத்த முடியாமல் மூலையில் சாத்தி வைக்கும் குடும்பங்கள் பல. இவர்களுக்கு நாலுகால் ஊன்றுகோலே ஏற்றது. செருப்பு அணிந்து நிமிர்ந்து நின்று நல்ல கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அந்த உயரத்தில் பிடி இருக்கட்டும். அடியிலுள்ள நான்கு கால்களில் நேராக அமைந்த பக்கம் உடலை ஒட்டியும், அகன்று விரிந்த பக்கம் வெளியேயும் இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் விரிந்த காலில் பாதம் தடுக்கும்.

ஊன்றுகோலை எப்போதும் நல்ல கையில் பிடித்து, முதலில் ஊன்றுகோல், அடுத்துப் பலவீனமான கால், கடைசியில் நல்ல கால் என்ற வரிசையில் நடக்கச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில் போக வேண்டும். இறங்கும்போது ஊன்றுகோலும் பலவீனமான காலும் முதலில் இறங்க வேண்டும். பாதம் தொங்கித் தரையில் இழுபட்டால், கணுக்காலை நேராகப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கியை அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

துணைக்கு நடப்பவர் பலவீனமான பக்கத்தில், சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். தளர்ந்திருக்கும் தோள்மூட்டு அந்த இழுப்பில் நழுவி, நீண்ட நாள் வலியாக மாறிவிடும். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பானது. தலைசுற்றல், நெஞ்சுவலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் உடனே உட்கார வைத்து மருத்துவரை அழையுங்கள். ஊன்றுகோலின் அடி ரப்பர் புஷ்ஷை வாரம் ஒருமுறை திருப்பிப் பார்த்து, வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.