நவதிருப்பதிக் கணக்கில் அயுத்தயாவைச் சுற்றாதீர்கள்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து சிறப்புப் பேருந்தில் ஏறி, ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கி ஆழ்வார்திருநகரி வரை ஒன்பது பெருமாள்களையும் சேவித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவது நம் பக்கத்து வழக்கம். அங்கே அது சரிப்படும், ஏனென்றால் ஒவ்வொரு கோயிலிலும் விளக்கு எரிகிறது, அர்ச்சகர் பெருமாளின் பெயரைச் சொல்லித் தீர்த்தம் தருகிறார். தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயாவில் பெரும்பாலான கோயில்கள் வழிபாடு நின்றுபோன செங்கல் இடிபாடுகள் என்பதால், அதே வேகத்தில் சுற்றினால் மூன்றாவது இடத்திலேயே கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகிவிடும். முதல் தடவை நாங்கள் பாங்காக்கிலிருந்து ஒரே நாளில் எட்டு இடம் காட்டும் வேனில் போனோம். நான்காவது இடத்தில் இறங்கியதும் என் அத்தை, "ஏல, இதத்தான காலையிலயே பாத்தோம்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. மறுமுறை இரண்டு இரவு தங்கி, கட்டப்பட்ட கால வரிசையில் பார்த்தோம். கீழே சொல்லியிருப்பது அந்த முறையைத்தான்.

சாவ் பிரயா, லோப்புரி, பா சாக் என்னும் மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவில் 1351ஆம் ஆண்டு ஊ தோங் என்ற அரசர் இந்த நகரத்தை நிறுவி, ராமாதிபதி என்ற பட்டப்பெயரோடு முடிசூடினார். ராமனின் அயோத்தியிலிருந்துதான் ஊருக்கே பெயர் வந்தது. 1767 ஏப்ரலில் பர்மியப் படை நகரைத் தீக்கிரையாக்கும் வரை, நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதுவே தலைநகராக இருந்தது. 1991 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. இங்குள்ள பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம்; வடமொழியில் எழுதி, வாலை விழுங்கி உச்சரிப்பார்கள், அவ்வளவுதான். மகாதாது என்பது மஹாதாத் ஆகிறது, ராஜபூரணம் ராட்சபுரணா ஆகிறது, ஸ்ரீ சர்வக்ஞர் சி சன்பெட் ஆகிறார், ஜயவர்த்தனாராமம் சாய்வத்தனாராம் ஆகிறது. "வாட்" என்றால் கோயில்.

திருநெல்வேலியிலிருந்து கிளம்புவோர் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்திலேயே இறங்கிக்கொண்டால், சென்னை விமான நிலையம் பக்கம். எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. தாய்லாந்துக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டை என்ற படிவத்தை, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் தூதரகத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள் உண்டு. டான் மியாங்கில் இறங்கினால் எதிரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, வடக்கே போகும் ரயில்கள் அயுத்தயா வழியாகத்தான் போகின்றன; எனவே பாங்காக் ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம். நகரத்திலிருந்து புறப்பட்டால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். சாதாரண ரயிலின் மூன்றாம் வகுப்புக் கட்டணம் நம் ஊர் டீ, வடைச் செலவுக்குள் அடங்கிவிடும். அயுத்தயா ரயில் நிலையம் தீவுக்கு வெளியே, பா சாக் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. நிலையத்தின் எதிர்த் தெருவில் நேரே நடந்தால் படகுத்துறை. சில பாட் (தாய்லாந்துப் பணம்) கொடுத்தால் அக்கரையில் இறக்கிவிடுவார்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் போக ஏற்ற காலம். ஏப்ரல் வெயிலுக்கு நம் அக்கினி நட்சத்திரம் தோற்றுப்போகும். செப்டம்பர், அக்டோபரில் ஆறு பொங்கும். 2011 வெள்ளத்தில் இந்த இடிபாடுகளே தண்ணீருக்குள் நின்றன.

முதல் நாள் காலையில் நேராகக் கோயிலுக்குப் போகாமல், சாவ் சாம் பிரயா தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அதன் விடுமுறை நாளைத் தங்கும் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். ராட்சபுரணா கோயிலின் நிலவறையில் கிடைத்த பொன் இங்கேதான் இருக்கிறது. 1424இல் அரசர் இறந்ததும், மூத்த மகன்கள் இருவரும் பட்டத்துக்காக யானை மேலிருந்து பொருது இருவருமே மாண்டார்கள். மூன்றாம் மகன் அரசராகி, அண்ணன்மார் நினைவாக அந்தக் கோயிலைக் கட்டினார். அவர் பெயர்தான் அருங்காட்சியகத்துக்கும். 1957இல் திருடர்கள் நிலவறையைத் தோண்டிக் கொள்ளையடித்தார்கள். அவர்கள் விட்டுச்சென்றதே ஓர் அறை நிறைய இருக்கிறது. பொன் உறையோடு கூடிய அரச வாள், மணி பதித்த சிறு பொன் யானை ஆகியவற்றின் முன் நிதானமாக நில்லுங்கள். அந்த யானை கால் மடித்து அமர்ந்திருக்கிறது. முகபடாமும் கழுத்தணியும் அத்தனை நுணுக்கம், நெல்லையப்பர் கோயிலில் இருந்த நம் காந்திமதி யானைக்கு அலங்காரம் செய்து பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு அணியும் எங்கே வருமென்று தெரியும். இதைப் பார்த்த கண்ணோடு வெளியே போனால்தான், வெறும் செங்கலாக நிற்பது ஒரு காலத்தில் எப்படி மின்னியிருக்கும் என்பது மனதில் ஏறும்.

அங்கிருந்து ராட்சபுரணாவுக்கும் அதை ஒட்டியிருக்கும் மஹாதாத்துக்கும் போங்கள். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். வயதானவர்கள் உடன் வந்தால், தவளை மூஞ்சி போல முன்பக்கம் உருண்டிருக்கும் அயுத்தயாவின் துக்-துக் ஆட்டோவை மணிக்கணக்கில் பேசிக்கொள்ளலாம். ராட்சபுரணாவின் நடுக்கோபுரத்தில் ஏறி, உள்ளே செங்குத்தான குறுகிய படிகளில் இறங்கினால், மங்கிய சுவரோவியங்களோடு அந்த நிலவறை இருக்கிறது. மூட்டு வலிக்காரர்கள் கீழேயே நின்றுகொள்வது நல்லது.

மஹாதாத் 1374இல் தொடங்கியது. அதன் பெரிய கோபுரம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரிந்துவிட்டதால், இப்போது அடிப்பாகம்தான் மிச்சம். அரச மரத்தின் வேர்கள் பற்றிக்கொண்ட புத்தர் தலையைப் பார்க்க எல்லாரும் வருவது இங்கேதான். அந்தத் தலை தரையை ஒட்டியே இருக்கிறது; படம் எடுப்பவர் தலை அதற்கு மேலே இருக்கக்கூடாது என்பதால் குத்தவைத்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். அருகில் நின்று பார்த்தால் ஒரு வேர் காதை ஒட்டி இறங்குவதும், உதட்டோரத்துச் சிரிப்பு மட்டும் கலையாமல் இருப்பதும் தெரியும். மதில் ஓரம் வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள். எல்லாத் தலைகளையும் பர்மியர்களே வெட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பழம்பொருள் வியாபாரத்துக்காகப் பிற்காலத்தில் அறுத்தவையும் பல.

நாம் கிருஷ்ணாபுரம் கோயில் கல்லில் நகக்கண் வரை செதுக்கியதைப் பார்த்துப் பழகியவர்கள். ஆற்று வண்டல் சமவெளியில் அப்படிப்பட்ட பாறை ஏது? அவர்கள் செங்கல்லால் கட்டி, மேலே சுதை பூசி, அந்தச் சுதையில்தான் வேலைப்பாட்டைக் காட்டினார்கள். ஆகவே சுவரின் நடுவில் தேடாமல், மாடங்களின் உள்மூலைகளிலும் மழை படாத வளைவுகளின் அடியிலும் தேடுங்கள். விரலகலத்துக்குச் சுதை ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு குறிப்பையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மக்காச்சோளக் கதிர் போல உயர்வது கம்போடிய வழி வந்த "பிராங்", மணியைக் கவிழ்த்தது போல இருப்பது இலங்கை வழி வந்த "செடி". ராட்சபுரணாவும் மஹாதாத்தும் பிராங் காலத்தவை.

மாலை வெயில் தணிந்ததும் சி சன்பெட்டுக்குப் போனால் செடி காலம் கண்முன் நிற்கும். அரண்மனை வளாகத்துக்குள்ளேயே இருந்த அரசக் கோயில் இது. துறவிகள் இங்கே தங்கவில்லை. வரிசையாக நிற்கும் மூன்று செடிகளும் மூன்று அரசர்களின் அஸ்திக்காக எழுப்பப்பட்டவை. பொன் போர்த்திய 16 மீட்டர் உயரப் புத்தர் ஒருவர் இங்கே நின்றிருந்தார். 1767இல் அந்தப் பொன்னை உருக்கி எடுத்துப் போனார்கள். பாங்காக்கின் மரகத புத்தர் கோயிலுக்கு இதுவே முன்மாதிரி. பக்கத்து அரண்மனையில் அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது, புதிய தலைநகரைக் கட்ட இங்கிருந்த செங்கற்களையே படகில் ஏற்றிப் போனார்கள். ஒட்டினாற்போல் இருக்கும் மோங்கோன் போபித் விகாரத்தில் மாபெரும் வெண்கலப் புத்தருக்கு இன்றும் பூசை உண்டு. காலையிலிருந்து இடிபாடு பார்த்து வந்தவர்களுக்கு அந்த ஊதுபத்தி வாசனையே ஆறுதலாக இருக்கும்.

இரண்டாம் நாள் தீவுக்கு வெளியே. காலையில் யாய் சாய் மோங்கோன். யானைப் போரில் பர்மிய இளவரசரை வென்ற நரேசுவன் அரசரோடு சேர்த்துப் பேசப்படும் உயர்ந்த செடி இங்கே இருக்கிறது. அடுத்து, நகரம் தோன்றுவதற்கு முன்பே 1324இல் அமைந்த பனான் சோங்கில் 19 மீட்டர் உயரப் புத்தர். சீன வம்சாவளியினர் கூட்டம் எப்போதும் இருக்கும். மதியம் விடுதியில் ஓய்வெடுத்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு மேற்குக் கரையில் இருக்கும் சாய்வத்தனாராமுக்குப் போங்கள். 1630இல் பிரசாத் தோங் அரசர் பழைய பிராங் வடிவத்துக்கே திரும்பிப்போய், நடுக்கோபுரத்தையே மேரு மலையாக வைத்துக் கட்டினார். 35 மீட்டர் நடுக்கோபுரத்தின் பின்னால் பொழுது சாயும்போது செங்கல் முழுதும் சிவந்துவிடும். வாடகைக்குப் பட்டுடை உடுத்திப் படம் எடுக்கும் உள்ளூர்ப் பெண்கள் குறுக்கே நிற்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் திரும்பும் வழியில் பாங் பா-இன் கோடை அரண்மனையில் இறங்கி, குளத்தின் நடுவே 1876இல் கட்டிய மண்டபத்தைப் பார்க்கலாம். எனக்கு அது தேர்ந்த பொம்மை போலத்தான் பட்டது.

மஹாதாத், ராட்சபுரணா, சி சன்பெட், சாய்வத்தனாராம் உள்ளிட்ட ஆறு இடங்களுக்குச் சேர்த்து ஒரே சீட்டு விற்கிறார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், வேட்டியும் சேலையும் தாராளமாகச் செல்லும். புத்தரை நோக்கிக் கால் நீட்டாதீர்கள், பெண்கள் துறவிகளைத் தொடக்கூடாது, தலையில்லாத சிலைக்குப் பின்னால் நின்று தன் தலையை வைத்துப் படம் எடுப்பதை அவர்கள் பெரும் அவமதிப்பாகக் கருதுவார்கள். புத்தர் சிலை வாங்கினால், அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அவர்களின் நுண்கலைத் துறை அனுமதி வேண்டும்.

சைவர்கள் "ஜே" என்ற சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகளில் கறியும் இல்லை, எல்லாக் குழம்பிலும் விழும் மீன் சாறும் இல்லை. வீட்டுக்கு வாங்கிவர ரோட்டி சாய் மாய் இருக்கிறது. மருத்துவமனைக்கு எதிர்ச் சாரியில் முஸ்லிம் குடும்பங்கள் நடத்தும் கடைகளில், சர்க்கரையை நூலாக இழுத்து ஒரு பையிலும் மெல்லிய ரொட்டியை இன்னொரு பையிலும் தருவார்கள். ரொட்டியில் இழையை வைத்துச் சுருட்டித் தின்ன வேண்டும். ஊருக்குக் கொண்டுவருவதானால் கிளம்பும் அன்று வாங்கி, பை வாயை இறுக்கக் கட்டுங்கள், ஈரக்காற்று பட்டால் இழையெல்லாம் ஒரே கட்டியாகிவிடும்.