ஒரே நேரத்தில் கிளம்பி, விடிந்ததும் வீடு திரும்பும் லாரி வேலை: தேடுவது எப்படி

இரவில் லாரி ஓட்டும் வேலை எங்கும் கிடைக்கும். திங்கட்கிழமை மாலை 6 மணிக்குக் கிளப்புவார்கள், புதன்கிழமை விடியற்காலை 3 மணிக்குக் கூப்பிடுவார்கள், வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் சாவியைக் கையில் கொடுப்பார்கள். உடம்பை உடைப்பது இந்த மாறாட்டம்தான். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே ரூட்டில் போய், காலையில் வண்டியை விட்டுவிட்டு வீட்டில் படுக்கிற வேலை வேறு ரகம். அப்படிப்பட்டதைத் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கம்பெனியின் பெயரை அல்ல, அது ஏற்றும் சரக்கை. சரக்குக்கு இரு முனையிலும் கடிகாரம் இருந்தால் டிரைவருக்கும் நிலையான நேரம் இருக்கும். சரக்குக்கு நேரம் இல்லையென்றால் முதலாளி கொடுத்த வாக்கு ஒரு மாதம் தாங்காது.

இரவில் போயே ஆக வேண்டிய சரக்கு

முதலிடம் பார்சலுக்கு. பகல் முழுக்க ஊரெல்லாம் சேகரித்த பார்சல் மாலையில் ஹப்புக்கு, அதாவது பார்சலை ஊர்வாரியாகப் பிரிக்கும் மையத்துக்கு, வருகிறது. பிரித்து, ஏற்றி முடிக்க இரவு 8 முதல் 10 மணி ஆகும். அடுத்த ஊர் ஹப்பில் விடிவதற்குள் அது இறங்கினால்தான் காலை டெலிவரி வேன்கள் கிளம்ப முடியும். கிளம்பும் நேரமும் சேரும் நேரமும் இப்படிப் பூட்டப்பட்டிருப்பதால், இரண்டு ஹப்புக்கு நடுவே ஓடும் இந்த லைன் ஹால் வேலை மற்ற எல்லாவற்றையும்விட ஒழுங்கானது. தபால் ஒப்பந்த வண்டிகளும் இதே வகைதான்.

அடுத்தது பெரிய கடைகளின் மையக் குடோனிலிருந்து கிளைகளுக்குப் போகும் சரக்கு. கடை மூடியபின் இறக்கி, திறப்பதற்குள் அடுக்க வேண்டும். நேரம் நிலையானது. ஆனால் ஓர் இரவில் மூன்று நான்கு இடத்தில் நிறுத்த வேண்டும், பல இடங்களில் இறக்குவதும் டிரைவர் தலையில் விழும். பால், ரொட்டி வண்டிகளும் நேரம் தவறாது. அவை பெரும்பாலும் நள்ளிரவுக்குப்பின் தொடங்கும், வாரம் 6 நாள் கேட்பார்கள். எரிபொருள் டேங்கரில் சம்பளம் பொதுவாக நல்லது, இரவு ஷிஃப்டும் உண்டு. ஆபத்தான சரக்குக்கான பயிற்சிச் சான்று இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது.

விமானச் சரக்கில் கவனம் தேவை. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் உங்கள் இரவும் இரண்டு மணி நேரம் நகரும். பகலில் கனரக வண்டிக்குத் தடை உள்ள நகரங்களுக்குப் போகும் லோடும் இரவு வேலையாகத் தெரியும். உண்மையில் அதில் பாதி நேரம் நகர எல்லையில் காத்துக்கிடப்பதில் போய்விடும். அன்றன்றைக்குப் புரோக்கர் வழியாகப் பிடிக்கும் லோடில் ஒழுங்கை எதிர்பார்ப்பது வீண்.

நடுவழியில் டிரைலர் மாற்றும் ரூட்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு ஊரிலிருந்தும் ஆளுக்கொரு வண்டி கிளம்பி, பாதி வழியில் சந்தித்து, முன் வண்டி பின்னால் இழுத்து வரும் டிரைலரை மட்டும் மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்புவார்கள். சரக்கு முழுத் தூரம் போகும். டிரைவர் இருவரும் காலையில் வீட்டில் இருப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊர்களுக்கு நடுவே 480 கி.மீ., சந்திக்கும் இடம் 240-வது கி.மீ., சராசரி வேகம் மணிக்கு 60 கி.மீ. போக 4 மணி நேரம், வர 4 மணி நேரம். கிளம்பும்முன் வண்டியைச் சோதிக்கவும் காகிதம் வாங்கவும் 30 நிமிடம், டிரைலர் மாற்ற 30 நிமிடம், ஓய்வு 45 நிமிடம், வந்தபின் ஒப்படைக்க 15 நிமிடம். மொத்தம் 10 மணி நேரம். இரவு 8 மணிக்கு டூட்டி தொடங்கினால் காலை 6 மணிக்கு முடியும். அதே ரூட் 600 கி.மீ. ஆனால் ஓட்டம் மட்டுமே 10 மணி நேரம், டூட்டி 12 மணி நேரம். போய்வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் தூங்க 7 மணி நேரம் மிஞ்சுவதே கஷ்டம்.

சட்ட வரம்பையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாளில் 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். அமெரிக்காவில் 10 மணி நேர ஓய்வுக்குப்பின் தொடங்கும் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். இந்தியாவில் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வைத்த பொது வரம்பு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். இங்கே பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: டிரைலர் மாற்றிய அரை மணி நேரத்தை ஓய்வாக எழுதிவிடுகிறார்கள். அது வேலை. ரூட் அட்டவணையில் ஓய்வுக்குத் தனி நேரம் இல்லையென்றால் அந்த ரூட் தாமதத்தில்தான் முடியும், பழி டிரைவர் மேல் வரும்.

எங்கே, எப்போது கேட்பது

நல்ல இரவு ரூட் விளம்பரத்துக்கு வருவது அபூர்வம். ஒருவர் ஓய்வு பெற்றால் அடுத்த சீனியருக்குப் போய்விடும். ஆகவே உள்ளே நுழையும் வாசல் பெரும்பாலும் ஸ்பேர் டிரைவர் வேலை: மற்றவர் லீவு போடும் நாளில் அவர் ரூட்டை ஓட்டுவது. தொடக்கத்தில் நேரம் ஒழுங்காக இருக்காது. பல ரூட்டையும் ஓட்டிப் பார்த்து, எது காலியாகும்போது கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். விற்பனை உச்சம் தொடும் மாதங்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு ஸ்பேர் ஆள் சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் போய் நில்லுங்கள்.

பார்சல் ஹப்பின் வாசலுக்கு மாலை 7 மணிக்குமேல் போனால் லோடுக்காகக் காத்திருக்கும் டிரைவர்களைப் பார்க்கலாம். அவர்கள் பேசும் மனநிலையில் இருப்பது அப்போதுதான். காலையில் திரும்புகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள், அவருக்கு வீடு போனால் போதும். டிரைலரில் எழுதியிருக்கும் பெயரை விட்டுவிட்டு முன் வண்டியின் கதவில் உள்ள பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சரக்கு பெரிய கம்பெனியுடையதாக இருக்கும், வண்டி ஓட்டுவது ஒப்பந்தக்காரர். ஆள் எடுப்பதும் அவர்தான். பெரிய கம்பெனிக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

கையில் இருக்க வேண்டியவை: டிரைலர் ஓட்டத் தகுந்த வகை லைசென்ஸ், நடப்பு மருத்துவச் சான்று, விபத்து, அபராதப் பதிவின் நகல். கண் பரிசோதனையில் எதிர் வெளிச்சக் கூச்சத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். கண்புரை தொடங்கும்போது பகலில் பார்வையில் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், இரவில் எதிர் விளக்கு கண்ணைக் கட்டிவிடும். பலத்த குறட்டையும் பகலில் தூக்கக் கிறக்கமும் சேர்ந்திருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று முன்பே பார்த்துவிடுவது நல்லது.

சேரும்முன் கேட்க வேண்டியவை

"நைட் ஷிஃப்ட், நேரம் தேவைக்கேற்ப" என்று விளம்பரம் சொன்னால் ஒழுங்கான நேரம் இல்லை என்று பொருள். நேரில் போகும்போது ஒரே ஒரு காகிதம் கேளுங்கள்: அந்த ரூட்டின் கடைசி நான்கு வார டிரிப் ஷீட் (ஒவ்வொரு பயணத்தின் நேரப் பதிவு). கிளம்பிய நேரங்களை வரிசையாகப் பாருங்கள். 8.10, 8.25, 8.05 என்று இருந்தால் நம்பலாம். 7.30, 11.40, 9.15 என்று குதித்தால் மேனேஜர் என்ன சொன்னாலும் அதுதான் உங்கள் நாளைய வாழ்க்கை. காட்ட மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு பணம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றால் ஹப்பில் பிரிப்பு தாமதமாகி நீங்கள் 2 மணி நேரம் காத்திருந்த இரவுக்கு என்ன கிடைக்கும்? காத்திருப்புக்குக் கூலி எத்தனையாவது நிமிடத்திலிருந்து? எதிர் வண்டி பழுதாகி வராவிட்டால் காலியாகத் திரும்பும் தூரத்துக்குக் கூலி உண்டா? வார விடுமுறை இரண்டு நாளும் அடுத்தடுத்து வருமா, பிரித்துத் தருவார்களா? ஏற்றி இறக்குவது யார்? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். முதல் மூன்று மாதம் இந்த ரூட், பிறகு பார்க்கலாம் என்றால் அந்த மூன்று மாதத்தையாவது எழுதித் தரச் சொல்லுங்கள்.

இருட்டில் டிரைலர் மாற்றும்போது

ஓட்டத்தைவிட இந்த அரை மணி நேரத்தில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. கழற்றும்முன் டிரைலர் பிரேக் பிடித்திருக்கிறதா, டிரைலரைத் தாங்கும் கால்கள் இறக்கிய தரை உறுதியா என்று பாருங்கள். மண் தரையில் லோடு டிரைலரின் கால் புதைந்தால் அந்த இரவு முடிந்தது. மாட்டும்போது "கிளிக்" என்ற சத்தத்தை நம்பக் கூடாது. டார்ச்சோடு குனிந்து பாருங்கள்: டிரைலரின் மேல் தட்டுக்கும் முன் வண்டியின் கீழ்த் தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது, பூட்டுத் தாடை கிங் பின்னின் (டிரைலரின் அடியில் நீட்டியிருக்கும் இணைப்பு ஆணி) கழுத்தை முழுக்கச் சுற்றியிருக்க வேண்டும், லீவர் உள்ளே போயிருக்க வேண்டும். டிரைலர் உயரமாக நின்றிருந்தால் கிங் பின் தாடைக்கு மேலே உட்கார்ந்துவிடும். அப்போதும் சத்தம் கேட்கும், வண்டி கொஞ்ச தூரம் நகரவும் செய்யும், திருப்பத்தில் கழன்றுகொள்ளும். டிரைலர் பிரேக்கை விடாமல் முன்னோக்கி மெதுவாக இழுத்துப் பார்த்தபின் ஏர் ஹோஸ், மின் இணைப்பு, அதன்பின் கால்களைத் தூக்குவது. கடைசியாக டிரைலர் கதவின் சீல் எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். தவறான டிரைலரோடு 240 கி.மீ. திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

தூக்கம்

விடியற்காலை 2 முதல் 6 மணி வரை உடம்பின் விழிப்பு அடிமட்டத்துக்குப் போகும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இது மாறாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவர் அளவுக்கு மந்தமாகும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. காலை 7 மணிக்கு எழுந்து நாள் முழுக்க வீட்டு வேலை பார்த்துவிட்டு இரவு 8 மணிக்கு டூட்டிக்கு வருகிறவர் நள்ளிரவிலேயே அந்த நிலையைத் தொட்டுவிடுவார். கிளம்பும்முன் மாலையில் ஒன்றரை மணி நேரமாவது தூங்குங்கள். வழியில் கண் சொருகினால் காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் விழிப்பீர்கள். எழுந்ததும் 10 நிமிடம் நடந்தபிறகே ஸ்டியரிங். காபியின் வீரியத்தில் பாதி ஏறக்குறைய 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். காலை 7 மணிக்குப் படுக்கிறவர் இரவு 2 மணிக்குமேல் காபியைத் தொடாமலிருப்பது நல்லது.

விடுமுறை நாளில் முழுப் பகல்காரராக மாறாதீர்கள். விடியற்காலை 3 அல்லது 4 மணிக்குப் படுத்து நண்பகலில் எழுந்தால், குடும்பத்தோடு மதியமும் மாலையும் கிடைக்கும், திங்கட்கிழமை இரவும் கெடாது.

சேர்ந்த முதல் மாதம் ஒரு சிறு நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், தூங்கிய மணி நேரம். ஐந்தில் ஒரு இரவுக்குமேல் கிளம்பும் நேரம் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக நகர்ந்திருந்தால் அந்த நோட்டை வண்டிகளை ரூட்டுக்கு அனுப்பும் டிஸ்பாட்சரிடம் காட்டி வேறு ரூட் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குக் கிடைக்காத பதில் தேதியும் நேரமும் போட்ட பக்கத்துக்குக் கிடைக்கும். பதில் கிடைக்காவிட்டாலும், அடுத்த கம்பெனியில் எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது அதே பக்கத்தில் இருக்கும்.