நகைச்சுவைப் படத்துக்கு நாயகி தேடும்போது

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் நகைச்சுவைப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். முகம் பார்த்து ஒரு பெண்ணை நாயகியாக்கிவிட்டு, சிரிப்பையெல்லாம் நாயகனின் கூட்டாளிக்கு எழுதிவிடுகிறார்கள். அப்புறம் ‘பொண்ணுக்குக் காமெடி வரல’ என்று புகார் வேறு.

ஆள் தேடுமுன் திரைக்கதையை எடுங்கள். சிரிப்பு வரும் இடங்களில், அதைக் கிளப்புவது நாயகியானால் சிவப்பு, மற்றவரானால் நீலம் என்று கோடிடுங்கள். சிவப்பு பாதிக்கும் குறைந்தால் திருத்த வேண்டியது கதையை. வழுக்கி விழுவதும் அலறுவதும் சிவப்புக் கணக்கில் சேராது. நாயகி ஏதோ ஒன்றின்மேல் ஆசைப்பட்டு, அதற்குப் போடும் திட்டத்திலிருந்து சிக்கல் முளைக்க வேண்டும். 1994இல் வந்த ‘மகளிர் மட்டும்’ படத்தில் மேலதிகாரியின் தொல்லைக்கு எதிராக ஊர்வசி, ரேவதி, ரோகிணி மூவரும் செய்யும் காரியங்கள்தான் சிரிப்பை இழுத்து வருகின்றன.

ஃபேஸ்புக்கில் அழைப்புப் போட்டால் புகைப்படம் குவியும்; புகைப்படத்தில் நகைச்சுவை தெரியாது. பசார் மாலம் என்னும் இரவுச் சந்தையில் கூவி விற்கும் அக்கா, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை ஓட்டும் அத்தை, தமிழ்ப்பள்ளி விழாவில் மைக் செத்தாலும் கூட்டத்தைக் கட்டிப்போடும் அறிவிப்பாளர், இவர்களைப் பாருங்கள். வயது 25 என்று எந்தச் சட்டமும் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நேரம் பார்த்து அடிக்கும் வாய் இன்னும் அதிகம்.

தேர்வைக் கோயில் மண்டபத்தில், ஞாயிறு பிற்பகலில் வையுங்கள். ஹோட்டல் அறை கூடவே கூடாது. குழுவில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்கட்டும். துணைக்கு வரும் அம்மாவுக்கும் நாற்காலி போடுங்கள். ஒரு தடவை பெயர் கெட்டால் அடுத்த படத்துக்கு எந்த வீட்டிலிருந்தும் அனுப்ப மாட்டார்கள்.

ஒருவருக்கு 15 நிமிடம். இரண்டு பக்க வசனத்தை இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள்; மனப்பாடத் திறமையா தேடுகிறீர்கள்? வசனம் முடிந்ததும் பேச்சே இல்லாமல் ஒரு நிமிடம்: மாமியார் கோழிக்கறியை வாயில் வைக்கிறார், உப்புப் போடாதது அப்போதுதான் இவருக்கு ஞாபகம் வருகிறது. கடைசியாக, கோபமாகச் சொன்ன அதே வரியைக் கெஞ்சிச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதும் மாற்றிக்கொள்பவரே உங்கள் ஆள். முதல் தடவை பிரமாதமாகச் செய்து, மூன்றாம் தடவையும் அச்சு மாறாமல் அதையே செய்பவர் படப்பிடிப்பில் திணறுவார். தன் ஜோக்குக்குத் தானே முந்திச் சிரிப்பவரும் அப்படித்தான்.

கைப்பேசியைக் கண் உயரத்தில், படுக்கைவாக்கில் வைத்துத் தலை முதல் கால்வரை எடுங்கள். பாதிச் சிரிப்பு கையிலும் நடையிலும் இருக்கிறது. முகத்தை மட்டும் எடுத்தால் அது போச்சு.

தேறிய மூவரை நாயகனோடு சேர்த்து நடிக்க வையுங்கள். எதிராளி பேசும்போது யார் உண்மையிலேயே கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். சென்னைத் தமிழ் பேசச் சொல்லி நெருக்காதீர்கள். ‘ஐயோ’வுக்குப் பதில் மலாயில் ‘அலாமாக்’ என்று தானாக வரும் வாய் இலக்கணத்துக்குத் திரும்பினால் வேகம் செத்துவிடும்.

சம்பளம், நாள், போக்குவரத்து, நனையும் காட்சி, விழும் காட்சி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தொழிற்சாலையில் வேலை செய்பவரானால் அடுத்த மாத ஷிப்ட் அட்டவணையை வாங்கிய பிறகே தேதி குறியுங்கள். தைப்பூச வாரத்தைத் தொடாதீர்கள்.