புது சபை தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழைப்பு உறுதியாகிவிட்டது, வீட்டு ஜெபத்துக்கு இருபது பேர் வருகிறார்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டு வரும் தம்பிமார் முதலில் விசாரிப்பது கீபோர்டையும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஹால் வாடகையையும்தான். பத்திரம், வங்கிக் கணக்கு, அனுமதி என்று பேச்சை எடுத்தால், "சபை வளரட்டும் அண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்கள். வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட சபைகள்தான் கோர்ட்டு வாசலில் நிற்கின்றன. ஜெபமில்லாமல் தொடங்காதே, பக்கத்து சபை ஆட்களை இழுக்காதே என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுவோம்.

முதல் மூன்று மாதக் காணிக்கையை நம்பி ஹால் எடுப்பது

தொடக்க ஆராதனைக்கு உறவினர், நண்பர்கள், பழைய சபையின் விசுவாசிகள் எல்லாரும் வருவார்கள். காணிக்கைப் பை நிறையும். அந்தத் தொகையை வைத்து வாடகை பேசினால் ஐந்தாம் மாதமே திணறும். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை வந்த காணிக்கையின் சராசரியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 இரவு ஆராதனைக் காணிக்கைகளை அதில் சேர்க்கவே கூடாது.

கரையோரத்தில் ஊழியம் என்றால் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் பக்கம் அந்த இரண்டு மாதமும் வீட்டில் அடுப்பெரிவதே பெரிய காரியம். தசமபாகத்தை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. ஆகவே இரண்டு மாத வாடகையைத் தனியாக ஒதுக்கி வைத்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

வாடகையும் கரண்ட் பில்லும் சேர்ந்து நிலையான காணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மாதம் 30,000 ரூபாய் வந்தால் 10,000. அதற்குள் அடங்கவில்லையா, ஞாயிறு காலை மட்டும் பள்ளிக்கூட ஹாலையோ சின்ன கல்யாண மண்டபத்தையோ மணிக்கணக்குக்குப் பேசுங்கள். மண்டபம் என்றால் முகூர்த்த ஞாயிறுகளில் கிடைக்காது. காலண்டரைப் பார்த்து அந்த வாரங்களுக்கு மாற்று இடத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "இந்த வாரம் எங்கே?" என்று விசுவாசிகள் சனிக்கிழமை ராத்திரி போன் போடும்படி விட்டால், நாலு வாரத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

எல்லாவற்றையும் பாஸ்டர் பெயரில் வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிவதும் இதனால்தான்.

முதலில் ஜி-பே ஸ்டிக்கரில் தொடங்குகிறது. பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பாஸ்டரின் பெயர் வருகிறது, இல்லாவிட்டால் அவர் மனைவியின் பெயர். அந்தக் கணக்கில் காணிக்கை, குடும்பச் செலவு, பிள்ளையின் ஸ்கூல் பீஸ், பைக் தவணை எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடுகிறது. பாஸ்டர் ஒரு ரூபாய் கூடத் தவறாக எடுத்திருக்க மாட்டார். ஆனால் வருமான வரித்துறையின் கண்ணுக்கு அது முழுக்க அவருடைய பணம். மூப்பர் ஒருவர் கணக்குக் கேட்கிற நாளில் அவரால் காட்ட முடிவதும் எதுவும் இல்லை.

அடுத்தது நிலம். விசுவாசிகள் நகையை அடகு வைத்து, பொருத்தனை செய்து, மாதச் சீட்டுக் கட்டி மூன்று சென்ட் வாங்குகிறார்கள். "டிரஸ்ட் இன்னும் பதியலை, இப்போதைக்கு பாஸ்டர் பேர்ல கிரயம் பண்ணிடலாம்" என்று பேசி முடிக்கிறார்கள். இப்போதைக்கு என்று செய்தது அப்படியே நின்றுவிடுகிறது. பாஸ்டர் உயில் எழுதாமல் இறந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. (புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரும் ரெனோன்சான் குடும்பங்களுக்கு வேறு கணக்கு, அங்கே வக்கீலைக் கேட்காமல் அசையாதீர்கள்.) சபை என்ற பெயர் பத்திரத்தில் எங்குமே இல்லை. செங்கல் சுமந்தவர்கள் தங்கள் பணத்தில் வாங்கிய இடம் என்று நிரூபிக்க சிவில் வழக்குப் போட வேண்டும். அதற்கும் ரசீது வேண்டும்.

இது புதிய துயரமும் இல்லை. 1740-இல் கடலூருக்கு மிஷனரியாக வந்தவர் கீர்நாண்டர். 1758-இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போய், பெரும்பாலும் சொந்தப் பணத்திலேயே ஒரு ஆலயம் கட்டி 1770-இல் திறந்தார். பிறகு கடனில் மூழ்கினார். ஆலயம் அவர் சொத்தாக இருந்ததால் 1787-இல் கடன்காரர்களுக்காக ஜப்தியானது. சார்லஸ் கிராண்ட் என்பவர் 10,000 ரூபாய் கட்டி மீட்டார். அப்போதுகூட அவர் அதைத் தன் ஒருவர் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை. தன்னோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து மூன்று அறங்காவலர்கள் பொறுப்பில் விட்டார். கடலூர் ஊழியக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வரலாறு இது.

செய்ய வேண்டிய முறை இதுதான். வெளி ஆட்களை அழைத்து முதல் ஆராதனை நடத்துவதற்கு முன்பே அறக்கட்டளைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். சங்கமாகப் பதிவதானால் குறைந்தது 7 பேர் வேண்டும். தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், புதுச்சேரியில் 1860-ஆம் ஆண்டுச் சட்டம். சின்ன சபைக்கு அறக்கட்டளை போதும். அறங்காவலர் 5 பேர் வையுங்கள். பாஸ்டர் குடும்பத்திலிருந்து அவரைச் சேர்த்து 2 பேருக்கு மேல் வேண்டாம். ஐந்து பேரும் கணவன், மனைவி, மச்சான், மாமியார், மகன் என்றிருந்தால் அது சபைக்கான அறக்கட்டளை ஆகாது.

பத்திரத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: ஒரு அறங்காவலர் விலகினாலோ இறந்தாலோ அடுத்தவரை யார் நியமிப்பது, அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ எத்தனை பேர் சம்மதம் தேவை, வங்கியில் இருவர் கூட்டாகக் கையெழுத்து, ஆண்டுதோறும் தணிக்கை, அறக்கட்டளை கலைந்தால் சொத்து அதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குப் போக வேண்டும் என்ற வரி. டைப் அடிப்பவர் வைத்திருக்கும் பழைய மாதிரியில் கடைசி வரி பல நேரம் இருக்காது. நீங்களே கேட்டுச் சேர்க்க வேண்டும்.

பத்திரம் வந்ததும் அறக்கட்டளை பெயரில் பான் கார்டு, பிறகு வங்கிக் கணக்கு, பிறகு அந்தக் கணக்கின் கியூஆர். வருமான வரி விலக்குக்கான பதிவுக்கு (பழைய சட்டத்தில் 12ஏபி) ஆடிட்டர் மூலம் உடனே விண்ணப்பியுங்கள். காணிக்கைப் பையை ஆராதனை முடிந்த கையோடு உறவினர் அல்லாத இரண்டு பேர் எண்ணி, நோட்டில் தொகை எழுதிக் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை வங்கியில் கட்ட வேண்டும். பாஸ்டருக்கு மாதச் சம்பளம் தீர்மானமாக எழுதி, செக்கில் கொடுங்கள். சம்பளம் என்ற சொல் சிலருக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தால்தான் கணக்கு கலங்குகிறது.

நிலம் வாங்கும்போது வாங்குபவர் அறக்கட்டளை, அதற்காகக் கையெழுத்திடுபவர் நிர்வாக அறங்காவலர் என்று பத்திரத்தில் வர வேண்டும். வெறும் "பாஸ்டர் இன்னார்" என்று எழுதிவிட்டால் பழைய கதைதான். 30 வருட வில்லங்கம், மூலப்பத்திரங்கள், பட்டா மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

ஏற்கெனவே பாஸ்டர் பெயரில் வாங்கியாகிவிட்டதா? அவர் உயிரோடும் மனதோடும் இருக்கும்போதே அறக்கட்டளைக்கு எழுதிப் பதியச் சொல்லுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் தானத்துக்கான சலுகை இதற்குக் கிடைக்காது. தமிழ்நாட்டில் 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் என்று கணக்கிட்டால், 30 லட்ச ரூபாய் மதிப்புள்ள இடத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். முதலிலேயே சரியாகச் செய்திருந்தால் இந்தப் பணத்தில் கூரை போட்டிருக்கலாம்.

பிரான்ஸ் பாஸ்போர்ட் காணிக்கை

புதுச்சேரியில் இதைக் கவனிப்பவர் மிகக் குறைவு. சொந்த ஊர் முதலியார்பேட்டையாக இருக்கலாம், வீட்டில் பேசுவது தமிழாக இருக்கலாம். கையில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் அவர் தருவது சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. ரூபாயில் தந்தாலும், இங்கே நேரில் தந்தாலும் அப்படித்தான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவுக்குப் பொதுவாக 3 ஆண்டு செயல்பாடும், அந்த 3 ஆண்டில் 15 லட்ச ரூபாய் செலவுக் கணக்கும் கேட்பார்கள். பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். பாஸ்டரின் சொந்தக் கணக்கில் ஊழியத்துக்கென்று வாங்கினாலும் அதே குற்றம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்யும் விசுவாசி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்கு இந்தத் தடை இல்லை. அன்போடு தருகிறவரைப் புண்படுத்தாமல் இதை விளக்கிச் சொல்வதும் ஊழியத்தில் சேர்ந்ததுதான்.

அனுமதி வாங்காமல் வீட்டை ஜெபவீடாக்குவது

குடும்பமாகக் கூடி ஜெபிப்பது வேறு. போர்டு வைத்து, பொதுமக்களைக் கூட்டி, வாராவாரம் ஆராதனை நடத்தும் கூடம் வேறு. பின்னதற்கு மாவட்ட ஆட்சியரின் முன்அனுமதி கேட்பார்கள். கட்டிட அனுமதி தனி. புதுச்சேரியில் நகர அமைப்புக் குழுமத்துக்குப் போக வேண்டும். கடலோரம் என்றால் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் வரும். மனு கொடுப்பதற்கு முன் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ப் பேசுங்கள். எதிர்ப்பு மனுக்களில் பெரும்பாலானவை மதத்தைவிட வண்டி நிறுத்துவதைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் இருக்கும்.

மைக்

திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பக்கவாட்டுச் சுவர் இல்லாத ஷெட்டும் திறந்தவெளிதான். முழு இரவு ஜெபத்தை மைக் இல்லாமல் நடத்துங்கள்.

ரசீதில் 80ஜி என்று அச்சடிப்பது

80ஜி என்பது நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை கொடுக்கும் பழைய வருமான வரிச் சட்டப் பிரிவு. வழிபாட்டுக்கென்றே நடக்கும் அறக்கட்டளைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அச்சடிக்காதீர்கள்.

தகர ஷெட்டைத் தச்சர் கணக்குக்கு விடுவது

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை ஏறியது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே தூக்குகிறது. அதிலும் மூலைகளிலும் ஓரங்களிலும் அதிகம். ஆகவே ஓரத் தகடுகளில் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். இரும்புக் கால்களை மண்ணில் புதைப்பது போதாது. கான்கிரீட் அடித்தளத்தில் தகடு வைத்து நாலு போல்ட்டால் இறுக்க வேண்டும், கால்களுக்கிடையே குறுக்குக் கம்பி வேண்டும். உப்புக்காற்றில் சாதாரண ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடித்துத் தலை கழன்றுவிடும், துத்தநாகப் பூச்சுள்ளதை வாங்குங்கள். தளம் சாலையைவிட 2 அடியாவது உயரமாக இருக்கட்டும், ஆம்ப்ளிஃபயரும் பிளக் பாயிண்டுகளும் அதற்கும் மேலே.

உரிமமில்லாமல் திருமணம் நடத்துவது

1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி உரிமம் பெறாதவர் திருமணம் நடத்தி வைத்தால் 10 ஆண்டு வரை சிறை. உரிமம் வரும்வரை உரிமமுள்ள மூத்த போதகரை அழையுங்கள்.

கல்லறைக்கு இடம் பேசி வைக்காதது

பழைய சபைகளுக்குச் சொந்தக் கல்லறைத் தோட்டம் உண்டு. அவற்றில் அங்கத்தினர் அல்லாதவருக்கு இடம் எளிதில் கிடைக்காது. புது சபையில் முதல் மரணம் நடக்கிற வீட்டில், உடலை வைத்துக்கொண்டு இடம் தேடி அலைவது கொடுமை. தொடங்கிய முதல் வருடத்திலேயே நகராட்சி அல்லது ஊராட்சியின் பொது இடுகாட்டில் கிறிஸ்தவ அடக்கத்துக்கு எந்தப் பகுதி, யாரிடம் கேட்க வேண்டும், குழி வெட்ட யாரைக் கூப்பிடுவது என்று விசாரித்து, மூப்பர்கள் எல்லாரிடமும் அந்தப் போன் நம்பர்களைக் கொடுத்து வையுங்கள்.